போகப் போறேன்

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. மழை நாள்தானே, ஒரு பிளேன்டீ ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

சனிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு நாங்கள் நடத்தும் பிரெஞ்சு வகுப்பைப் பற்றிப் பலரும் கேட்கிறீர்கள். டவுனில் கண்டால் கேட்கிறீர்கள், கல்யாண வீட்டில் கேட்கிறீர்கள், ஒருவர் ஜனாஸா வீட்டு வாசலில் வைத்தும் கேட்டார். கேள்வி எல்லாம் ஒன்றுதான்: "தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு இங்கிலிஷே ஒழுங்கா வருதில்ல சேர், அதுக்குள்ள பிரெஞ்சு என்னத்துக்கு?"

நாங்கள் என்றால் இரண்டு பேர். ஒருவர் பாடசாலையில் தமிழ் படிப்பிப்பவர். மற்றவர் கொழும்பில் பிரெஞ்சு படித்துவிட்டு இரத்தினபுரிக்கே திரும்பி வந்தவர். வகுப்பில் இப்போது ஒன்பது பேர். சாதாரண தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள், கல் வியாபாரத்தில் வாப்பாமாருக்குக் கைகொடுக்கும் இரண்டு பொடியன்மார், குவைத்தில் பல வருடம் இருந்துவிட்டு வந்த ஒரு ராத்தா, றக்குவானைப் பக்கத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வரும் ஒரு தாயும் அவருடைய மகனும். மகன் தரம் 6. காசு வாங்குவதில்லை, போட்டோகொப்பிக்கு மட்டும்தான்.

ஏன் பிரெஞ்சு என்பதற்கு முதலில் சுருக்கமான பதில். பாரிஸில் லா ஷப்பேல் பக்கம் போனால் தமிழிலேயே சாமான் வாங்கலாம், சாப்பிடலாம், முடி வெட்டலாம். ஆனால் பிரிபெக்சர் கவுண்டரில் தமிழ் எடுபடாது. 2024 ஜனவரியில் அங்கே வந்த குடிவரவுச் சட்டத்தின்படி, 2026 ஜனவரி 1 முதல் பல வருட வதிவிட அட்டை முதன்முறை கேட்பவர் பொதுவாக ஏ2 மட்டத்தில் பிரெஞ்சு தெரியும் என்று காட்ட வேண்டும். பத்து வருட அட்டைக்கு பி1, பிரஜாவுரிமைக்கு பி2. முன்பு இருந்ததைவிட ஒவ்வொன்றும் ஏறிவிட்டது. கணவனோ பிள்ளையோ அங்கே இருக்கும் குடும்பங்களுக்கு இது விளையாட்டுக் காரியம் இல்லை. இன்னொரு பக்கம், பிரெஞ்சு நம் நாட்டில் சாதாரண தரத்துக்கும் உயர் தரத்துக்கும் எடுக்கக்கூடிய ஒரு பாடம். களனிப் பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்கே படிக்கலாம். அந்தக் கதவு கொழும்புப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

"தமிழனுக்கும் பிரெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்?" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. புதுச்சேரியும் காரைக்காலும் 1954 நவம்பர் வரைக்கும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர்கள். காரைக்காலில் இருந்து தமிழ் பேசும் முஸ்லிம்கள் அந்த ஆட்சியின் வழியாக சைகோன் வரைக்கும் போய் வியாபாரம் செய்தார்கள். நாங்கள் ஒன்றும் முதல் ஆட்கள் இல்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். "இங்கிலிஷே வருதில்ல" என்ற அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் எங்களுக்கு ஒரு பாடத்தில்தான் கிடைத்தது. பிரெஞ்சில் 'ஃபுத்யூர் ப்ரோஷ்' என்று ஒன்று இருக்கிறது. கிட்டிய எதிர்காலம் என்று சொல்லலாம். பிரெஞ்சு படிக்கத் தொடங்கும் எவரும் ஏ1 மட்டத்திலேயே இதைப் படிக்க வேண்டும். அதை இங்கிலிஷ் வழியாக எழுதிய புத்தகத்தை வைத்துத்தான் ஆரம்பித்தோம். அரைப் பக்கம் வாசிப்பதற்குள் பிள்ளைகளின் கண் ஜன்னலுக்குப் போய்விட்டது.

புத்தகத்தை மூடிவிட்டு, "இண்டைக்குப் பின்னேரம் வீட்ட போய் என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டோம்.

"தூங்கப் போறேன் சேர்."

"மெச் பாக்கப் போறேன்."

"உடுப்புக் கழுவப் போறேன்." இது ராத்தா.

மூன்றையும் பலகையில் எழுதினோம். பிரெஞ்சுக்காரனும் இதையேதான் சொல்கிறான். 'போ' என்ற வினை, அதோடு செய்யப்போகிற வேலை. அவன் வரிசையைத் திருப்பிப் போடுகிறான், அவ்வளவுதான். நாம் 'சாப்பிடப் போறேன்' என்றால் அவன் 'போறேன் சாப்பிட' என்கிறான். 'ஜெ வே மான்ஜே'. ஜெ என்றால் நான், வே என்றால் போறேன், மான்ஜே என்றால் சாப்பிட. தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இன்னும் லேசு. நன்னூல் சொல்கிற 'செய' என்னும் வாய்பாட்டு வினையெச்சம் இருக்கிறதே, அது நிற்கும் இடத்தில்தான் அவர்களுடைய மூல வினை நிற்கிறது. சாப்பிட, தூங்க, பார்க்க, கழுவ. மான்ஜே, தொர்மீர், ரெகார்தே, லவே. நபர் யாராக இருந்தாலும் இது மாறாது. மாறுவது 'போ' மட்டும்தான்.

அந்தப் 'போ' ஆறு விதமாக மாறும். போறேன் என்றால் ஜெ வே. போற என்றால் த்யூ வா. போறான், போறா என்றால் இல் வா, எல் வா. போறோம் என்றால் நூ ஸலோன். போறீங்க என்றால் வூ ஸலே. போறாங்க என்றால் இல் வோன். கடைசி 'ன்' வாயில் முடியாது, மூக்கில் பாதி கரைந்துவிட வேண்டும்.

இந்த இடத்தில் நடந்த ஒன்றை எங்கள் ஆட்களுக்காகவே கொஞ்சம் விரித்துச் சொல்கிறோம். எங்கட முஸ்லிம் வீடுகளில், இந்தப் பக்கத்துப் பேச்சில், பல பேர் விகுதி போடுவதில்லை. 'நான் போற, நீ போற, அவர் போற' என்று ஒரே சொல்லாக ஓடும். சிங்களத்தோடு பல தலைமுறையாகக் கலந்து பேசிய பேச்சு அது, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. சிங்களப் பேச்சிலும் வினை ஆளுக்கு ஆள் மாறுவதில்லை. ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஆறு வடிவம் என்றதும் தலை சுற்றும். தோட்டத்திலிருந்து வரும் தாய்க்குச் சுற்றவில்லை. அவர் நாவில் போறேன், போற, போறான், போறோம், போறீங்க, போறாங்க எல்லாம் ஏற்கெனவே தனித்தனியாக இருக்கின்றன. பத்து நிமிடத்தில் ஆறையும் வரிசையாகச் சொன்னார், பிறகு பின்னாலிருந்து முன்னாலும் சொன்னார். டவுன் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். டவுனுக்கு வந்தால் வாயைத் திறக்கவே யோசிக்கிற மனுஷி அவர். 'தோட்டத்துத் தமிழ்' என்று கடையில், கந்தோரில், ஏன் பாடசாலையிலும் கேட்டுக் கேட்டுக் குரலைத் தாழ்த்திப் பேசப் பழகியவர். அன்றைக்கு அந்தத் தமிழ்தான் வகுப்புக்கே ஏணி. யாருடைய தமிழ் நல்ல தமிழ் என்று இனி எங்களிடம் யாரும் வந்து கேட்க வேண்டாம்.

இங்கிலிஷ் மூலம் படிப்பவர்கள் இந்தப் பாடத்தில் வழக்கமாக விடுகிற இரண்டு பிழைகள் உண்டு. 'ஐ ஆம் கோயிங் டு' என்பதை அப்படியே மாற்றப் போய், அந்த 'ஆம்' என்பதற்கு ஒரு சொல்லைத் தேடி 'ஜெ ஸ்வீ' என்று தொடங்குவார்கள். 'டு' என்பதற்கு நடுவில் ஒரு 'ஆ' போடுவார்கள். இரண்டும் பிரெஞ்சில் பிழை. எங்கள் ஒன்பது பேரில் ஒருவரும் இந்தப் பிழையை விடவில்லை. விட வழியே இல்லை, தமிழில் 'நான் இருக்கிறேன் சாப்பிடப் போகிறேன்' என்று யார் பேசுகிறார்? இங்கிலிஷ் தெரியாதது இந்த ஒரு பாடத்தில் பிள்ளைகளுக்கு லாபமாகப் போய்விட்டது.

மறுப்பும் அப்படித்தான். 'சாப்பிடப் போறதில்ல' என்னும்போது நாம் 'இல்லை'யைச் சாப்பாட்டில் கட்டுவதில்லை, 'போ'வில் கட்டுகிறோம். பிரெஞ்சிலும் 'போ'வைத்தான் இரண்டு பக்கமும் பிடித்துக் கட்டுவார்கள்: 'ஜெ ந வே பா மான்ஜே'. பேச்சில் அந்த 'ந' பெரும்பாலும் விழுந்துவிடும், 'ஜெ வே பா மான்ஜே' என்றுதான் காதில் விழும். எழுத்துப் பரீட்சையில் விழவிடக் கூடாது. 'அதைச் செய்யப் போறேன்' என்பதில் 'அதை' செய்கிற வேலையோடு ஒட்டி நிற்கிறது அல்லவா, அங்கேயும் 'ஜெ வே ல ஃபேர்'. 'ல' போய் 'ஃபேர்' என்பதன் முன்னால்தான் உட்காரும்.

ராத்தா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒன்று சொன்னார். குவைத் வீட்டில் எசமாட்டி வெளியே கிளம்பும்போது 'ராஹ் அரூஹ்' என்பாராம். ராஹ் என்றால் போ, அரூஹ் என்றாலும் போ. போகப் போறேன்! மதரஸாவில் நாம் படித்த அரபில் எதிர்காலத்துக்கு 'ஸ', 'ஸவ்ஃப' என்றுதான் முன்னால் வரும். வீட்டு வேலையில் காது வழியாகக் கற்றவருக்குத் தெரிந்த இந்த அரபு எங்கள் கிதாபில் இல்லை. உடனே ஒரு பொடியன், "சிங்களத்திலயும் அதுதானே, 'மொனவத கரன்ன யன்னே' எண்டுதானே கேக்குறாங்க" என்றான். கரன்ன என்றால் செய்ய, யன்னே என்றால் போவது. பிரெஞ்சில் 'ஜெ வே அலே', போகப் போறேன், அப்படியே. ஒரு மேசையில் நாலு மொழி, நாலிலும் 'போ'. இந்த இரத்தினபுரியில் பிறந்த பிள்ளைக்கு மொழி வராது என்று யார் சொன்னது?

கல் வியாபாரத்துப் பொடியன்மாருக்கு இதில் வேறு தேவை. "நான் உங்களுக்குக் காட்டப் போறேன்" என்பது 'ஜெ வே வூ மோன்த்ரே'. வெளிநாட்டுக்காரர் முன்னால் கல்லை விரிப்பதற்கு நல்ல வசனம். ஆனால் எதிர்ப்பக்கத்தில் இருந்து 'ஜெ வே ரேஃப்லேஷீர்', யோசிக்கப் போறேன் என்று வந்தால், கல்லைக் கடதாசியில் மடித்து வைக்கத் தொடங்கலாம் என்று சொல்லிக்கொடுத்தோம். "ஓ, எங்கட ஆக்களும் அப்படித்தான், 'பாப்பம்' எண்டு போனா வரமாட்டாங்க" என்றான் ஒருவன். அந்தப் 'பாப்பம்' கூடப் பிரெஞ்சில் உண்டு. 'ஓன் வா வ்வார்', பார்க்கப் போறோம். இந்த 'ஓன்' கவனிக்க வேண்டிய சொல். புத்தகத்தில் 'நாங்கள்' என்பதற்கு 'நூ' என்று இருக்கும். பேச்சில் பாதிக்கு மேல் 'ஓன்'தான், அதற்கு 'வா' போதும். 'நூ ஸலோன்' சிக்குகிறவர்கள் 'ஓன் வா' என்று தப்பித்துக்கொள்ளலாம்.

இனிக் கஷ்டமான பகுதி. பிரெஞ்சில் இன்னொரு எதிர்காலமும் இருக்கிறது. 'ஜெ மான்ஜ்ரே', சாப்பிடுவேன். நம்முடைய செய்வேன், வருவேன் போல ஒற்றைச் சொல்லில் வருவது. 'ஜே' என்றால் 'என்னிடம் இருக்கிறது'. அந்த 'ஏ' மூல வினையின் வாலில் ஒட்டிப் பிறந்ததுதான் இது. பழைய லத்தீனில் 'சாப்பிட இருக்கிறது எனக்கு' என்பது போலத் தொடங்கிய பேச்சு. சரி, இரண்டு எதிர்காலம் எதற்கு? 'கிட்டிய' என்று பெயர் வைத்ததால் பிள்ளைகள் மணிக்கூட்டைப் பார்க்கிறார்கள். அஞ்சு நிமிடத்தில் என்றால் இது, அஞ்சு வருடத்தில் என்றால் அது என்று. அப்படி இல்லை. பிரெஞ்சுக்காரர் பேச்சில் பத்து வருடம் தள்ளி நடக்கப்போவதற்கும் 'வே' போடுவார்கள். கிட்ட இருக்க வேண்டியது நேரம் அல்ல, காரணம். இப்போதே கையில் ஏதாவது இருக்க வேண்டும். முடிவு எடுத்தாயிற்று, அல்லது அடையாளம் கண்ணுக்குத் தெரிகிறது.

இதை விளக்க இரத்தினபுரியைவிட நல்ல ஊர் உலகத்தில் இல்லை. சிவனொளிபாதமலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது, காற்று நின்றுவிட்டது, கொடியில் காயும் உடுப்பை உம்மா அவசரமாக எடுக்கிறார். அப்போது நாம் 'மழை பெய்யும்' என்று சொல்வதில்லை. 'மழை பெய்யப் போகுது' என்கிறோம். 'இல் வா ப்லவ்வார்'. நாளைக்கு சப்ரகமுவவில் மழை பெய்யும் என்று வானொலியில் வாசிப்பது 'இல் ப்லவ்ரா'. களு கங்கை மட்டம் ஏறும்போதும் அப்படித்தான். 2003 மே, 2017 மே பார்த்தவர்களுக்கு 'தண்ணி வரும்' என்பதற்கும் 'தண்ணி வரப் போகுது' என்பதற்கும் உள்ள தூரத்தை இலக்கணத்தில் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலாவதுக்கு ஆள் அசையமாட்டார். இரண்டாவதுக்குப் பிள்ளைகளின் கொப்பி, ஐடென்டிகாட், அரிசி மூட்டை எல்லாம் மேல்மாடிக்குப் போகும்.

ஆனால் இந்த 'போ'வை ஏமாற்றவும் பாவிக்கலாம். தோட்டத்தில் நாள் சம்பளம் ஆயிரம் ரூபா 'தரப் போறாங்க' என்று எத்தனை வருடம் கேட்டார்கள்! வர்த்தமானி வந்தது 2021 மார்ச்சில். எந்தக் கட்சி மேடையிலும் 'செய்வோம்' குறைவு, 'செய்யப் போகிறோம்' அதிகம். கையில் ஒன்றும் இல்லாதபோதும் ஏதோ இருக்கிற மாதிரிக் கேட்கும். பிரான்சிலும் மேடைப் பேச்சில் 'நூ ஸலோன்' குறைவில்லை.

அந்தத் தரம் 6 மகனைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினோம். தாயின் அனுமதியோடு எழுதுகிறோம். அவனுடைய அப்பா பிரான்சில் ஒரு ரெஸ்டோரண்ட் குசினியில் வேலை. மகன் நடக்கத் தொடங்கிய வருடம் போனவர். பேப்பர் இன்னும் சரிவரவில்லை. கிழமைக்கு இரண்டு தரம் வட்ஸ்அப்பில் பேசுவார்.

ஆளுக்கு மூன்று வசனம் எழுதச் சொன்னோம். அவன் எழுதிய முதல் வசனம் 'பாப்பா வா வெனீர்'. அப்பா வரப் போறார். பிழை இல்லை. 'வா' சரி, 'வெனீர்' சரி. சரி போட்டோம். அவன் கொப்பியைத் திரும்ப எடுக்கவில்லை.

"சேர், அப்பா ஃபோன்ல 'வருவேன்'னு தான் சொல்றாரு. 'வரப் போறேன்'னு சொன்னதில்ல. அப்ப இது சரியா?"

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. தாய் பேனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வசனம் சரி என்று சொன்னோம். அப்பா சொல்கிறதைப் பிரெஞ்சில் எழுதினால் 'பாப்பா வியேன்த்ரா' என்று வரும், அதுவும் சரி என்று சொன்னோம். எது என்று அவனே தெரிந்து எழுதட்டும் என்று விட்டோம். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு முதல் வசனத்தை வெட்டாமல், அதற்குக் கீழே இரண்டாவதையும் எழுதினான். மூன்றாவது வசனமாக 'நூ ஸலோன் அத்தான்த்ர்' என்று எழுதினான். நாங்கள் காத்திருக்கப் போறோம்.

அடுத்த கிழமை தாய் சொன்னார், மகன் ஃபோனில் அப்பாவிடம் இரண்டையும் பிரெஞ்சில் சொல்லி எது சரி என்று கேட்டானாம். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லையாம். பிறகு, "எங்க படிச்ச இத?" என்று கேட்டாராம். குசினியில் பிரெஞ்சு காதில் விழுந்து பழகியவர்தான். ஆனால் எழுதத் தெரியாது. ஏ2 பரீட்சைக்கு எழுத்தும் வேண்டும். இப்போது சனிக்கிழமை எங்கள் வகுப்பு நோட்ஸைப் படம் எடுத்து மகன் அப்பாவுக்கு அனுப்புகிறான். அவர் பயிற்சியைச் செய்து, திங்கட்கிழமை லீவில் அனுப்புகிறார். மகன்தான் சிவப்புப் பேனையால் திருத்துகிறான். கண்டிப்பான வாத்தியார். 'பா'வை மறந்தால் அரை மாக்ஸ் வெட்டுகிறான்.

ஒரு பிள்ளை கேட்டது, "பிரெஞ்சில 'வே' எண்டு சொல்லும்போது இன்ஷா அல்லாஹ் சேர்க்கலாமா?" என்று. தாராளமாக. பிரான்சில் முஸ்லிம் அல்லாத இளைஞர்களின் வாயிலும் அது வருகிறது, பிரெஞ்சு அகராதிகளிலேயே அந்தச் சொல் ஏறிவிட்டது. தனியாக மொழிபெயர்க்கத் தேவையில்லை.

சேர விரும்பும் பெற்றோருக்கு: வயது எல்லை இல்லை, இங்கிலிஷ் தேவையில்லை, தமிழ் வாசிக்கத் தெரிந்தால் போதும். எந்த ஊர்த் தமிழானாலும் சரி. உயர் தரத்துக்குப் பிரெஞ்சு எடுக்க நினைப்பவர்கள் முதலில் எங்களோடு பேசுங்கள், பாடத்திட்டம் பெரிது. தோட்டப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்குக் கடைசி பஸ் பிரச்சினை என்பதால் அடுத்த மாதத்திலிருந்து வகுப்பை அரை மணித்தியாலம் முன்னால் எடுப்பதாக யோசனை. உங்கள் வசதியை கமெண்டில் போடுங்கள். இந்தச் சனி, இன்ஷா அல்லாஹ், 'வா' என்ற வினையை எடுக்கிறோம். 'இப்பத்தான் சாப்பிட்டுட்டு வாறேன்' என்பதைப் பிரெஞ்சுக்காரன் எப்படிச் சொல்கிறான் என்று பார்க்கலாம். ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டு வந்தால் போதும்.